காற்றின் சூட்டைச் சொல்லும் சென்சார்: லாரியில் அதைச் சோதிப்பதும் சுத்தம் செய்வதும்

சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் கணவாயில் மேடு தொடங்கியதும், இன்ஜினில் கோளாறு என்று சொல்லும் மஞ்சள் விளக்கு எரியும். கூடவே இழுவை குறையும். வழக்கமாக எடுக்கிற கியரில் ஏறாது, இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டும். மேடு முடிந்து சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓடினால் இழுவை தானாகத் திரும்பிவிடும். நாமக்கல்லில் இருக்கும் என் சித்தப்பாவின் பத்துச் சக்கர லாரி இரண்டு மாதம் இப்படித்தான் ஓடியது. பட்டறையில், வண்டியின் கணினி பதிந்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரின் பெயர் வந்தது. “சென்சார் போச்சுங்க, மாத்திடலாம்” என்றார்கள். மாற்றினார்கள். அடுத்த வாரமே தொப்பூரில் விளக்கு மறுபடி எரிந்தது. இன்னொன்று வாங்கி மாற்றினார்கள். அதுவும் அப்படியே.

கடைசியில் கோளாறு சென்சாரில் இல்லை என்று தெரிந்தது. அது எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தச் சென்சார் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால், நல்ல பொருளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதுக்குக் காசு கொடுக்கும் நிலை யாருக்கும் வராது. இருபது நிமிடமும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் போதும்.

காற்று எவ்வளவு சூடு என்று இன்ஜினுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

டீசலை எரிக்கக் காற்று வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்ஜினுக்கு வேண்டியது எத்தனை லிட்டர் காற்று என்பதல்ல, எத்தனை கிராம் காற்று என்பது. சூடான காற்று விரிந்துவிடும், அதே இடத்தில் குறைவான எடைதான் அடங்கும். கடல் மட்டத்தில் 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும். அதே காற்று 60 டிகிரிக்குப் போனால் 1.06 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். அதாவது சிலிண்டர் நிறைந்தாலும் உள்ளே போன காற்றில் 12 சதவீதம் குறைவு. அந்தக் குறைவைக் கணக்கில் எடுக்காமல் பழைய அளவுக்கே டீசல் ஊற்றினால் எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியே வரும்.

பழைய லாரிகளில் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். அதற்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. புகை வந்தால் பம்ப் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ‘செட்டிங்’ வைப்போம். வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-4 விதி 2017 ஏப்ரலிலும் பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரலிலும் நாடு முழுவதும் வந்த பிறகு அந்தக் காலம் போய்விட்டது. இப்போது எவ்வளவு டீசல், எந்த நொடியில், எத்தனை தவணையில் என்பதை எல்லாம் ஈசியு என்ற கணினிப் பெட்டி முடிவு செய்கிறது. டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ளுகிறது, அந்தக் காற்று எவ்வளவு சூடு என்ற இரண்டையும் வைத்துத்தான் உள்ளே போன காற்றின் எடையை அது கணக்கிடுகிறது. பிறகு, “இந்தக் காற்றுக்கு இவ்வளவு டீசல்தான், அதற்கு மேல் போனால் புகை” என்று ஒரு வரம்பு போட்டுக்கொள்கிறது. டிரைவர் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் அந்த வரம்பைத் தாண்டாது. சைலன்சருக்குப் போகும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பும் ஈஜிஆர் உள்ள வண்டிகளில், அதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதற்கும் இதே சூட்டு அளவு வேண்டும்.

சூடு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று ஒரு தடவை காற்றோடு கூடவே போய்ப் பார்ப்போம். வெளியே 35 டிகிரியில் இருக்கும் காற்று ஏர் ஃபில்டர் வழியாக டர்போவுக்குள் போகிறது. டர்போ அதை அமுக்கும்போது சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே விஷயம்தான். நல்ல லோடில் மேடு ஏறும்போது டர்போவை விட்டு வெளிவரும் காற்று 150 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலரை வைத்து, அந்தச் சூட்டைப் பெருமளவு இறக்கிவிட்டு மேனிஃபோல்டுக்கு அனுப்புகிறார்கள்.

ஆகவே காற்றுச் சூட்டுச் சென்சார் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருப்பதில்லை. ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கலாம். இன்டர்கூலருக்குப் பின்னால் மேனிஃபோல்டில் ஒன்று இருக்கும். முன் பம்பர் பக்கம் வெளிக்காற்றை மட்டும் அளக்கும் ஒன்றும் பல வண்டிகளில் உண்டு. மேனிஃபோல்டில் இருப்பது பெரும்பாலும் அழுத்தச் சென்சாரும் சூட்டுச் சென்சாரும் ஒரே உடம்பில் இருக்கும் இரட்டைப் பிறவி. வயர் மாட்டும் இடத்தில் இரண்டு பின் (சிறு உலோக முனை) இருந்தால் சூடு மட்டும் அளப்பது, நான்கு பின் இருந்தால் இரட்டை என்று மேலோட்டமாகச் சொல்லலாம். எதைச் சோதிக்கிறோம் என்று தெரியாமல் கழற்றத் தொடங்கினால் நேரம்தான் வீணாகும். அதனால் ஸ்கேனரில் வந்த கோடு, அதாவது கோளாறு எண், எந்தச் சென்சாரைச் சொல்கிறது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் மிளகு

இந்தச் சென்சாரின் நுனியில், மிளகை விடச் சிறிதாக, ஒரு பீங்கான் மணி போன்ற பொருள் இருக்கிறது. அதற்கு தெர்மிஸ்டர் என்று பெயர். சாதாரண செம்புக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கூடும். இது நேர் எதிர். சூடு ஏற ஏற மின்தடை குறையும். மைக்கேல் ஃபாரடே 1833-லேயே சில்வர் சல்பைடில் இந்த விநோதத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார். அந்தக் குணம்தான் இன்று உங்கள் லாரியின் மேனிஃபோல்டில் உட்கார்ந்திருக்கிறது.

மின்தடை எவ்வளவு குறையும்? பாஷ் தயாரிக்கும் பல சென்சார்களில் இந்தக் கணக்கு இருக்கிறது: 0 டிகிரியில் 5,900 ஓம் அளவில், 20 டிகிரியில் 2,500 ஓம், 40-ல் 1,175, 60-ல் 600-க்குச் சற்றுக் குறைவு, 80-ல் 320, 100 டிகிரியில் 190 ஓம் அளவில். உங்கள் வண்டியில் வேறு தயாரிப்பு இருந்தால் எண்கள் மாறும், ஆனால் போக்கு மாறாது. குளிரில் ஆயிரக்கணக்கான ஓம், சூட்டில் நூற்றுக்கணக்கான ஓம். இந்த எண்களில் இன்னொன்றையும் பாருங்கள். 0-க்கும் 20-க்கும் நடுவே 3,400 ஓம் இடைவெளி. 80-க்கும் 100-க்கும் நடுவே வெறும் 130 ஓம். இதை மனதில் வையுங்கள், பிறகு இதுதான் நமக்குத் துப்புக் கொடுக்கப் போகிறது.

ஈசியுவுக்கு மின்தடையை நேரடியாகப் படிக்கத் தெரியாது, வோல்டேஜைத்தான் படிக்கும். அதனால் உள்ளுக்குள்ளேயே ஒரு நிலையான ரெசிஸ்டரை வைத்து, அதன் வழியாக 5 வோல்டைச் சென்சாருக்கு அனுப்புகிறது. அந்த 5 வோல்ட் இரண்டு பேருக்கும் பங்காகிறது. உள்ளே இருப்பது 2,200 ஓம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், சென்சார் 20 டிகிரியில் 2,500 ஓமாக இருக்கும்போது அதன் பங்கு 2.66 வோல்ட். 60 டிகிரியில் அதன் பங்கு 1.07 வோல்ட் ஆகிவிடும். குறைந்த வோல்ட் என்றால் சூடு, கூடின வோல்ட் என்றால் குளிர்.

வயர் அறுந்துவிட்டால்? பங்குக்கு ஆள் இல்லை, முழு 5 வோல்டும் அப்படியே நிற்கும். அது ஈசியுவின் கண்ணுக்குக் கடுங்குளிராகத் தெரியும். அதனால்தான் சென்சாரின் கப்ளரை, அதாவது வயரைச் சென்சாரோடு இணைக்கும் சொருகியை, கழற்றினால் ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். நாமக்கல்லில் மைனஸ் 40 எங்கிருந்து வரும்! அந்த எண்ணைப் பார்த்தாலே ‘எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது’ என்று படித்துக்கொள்ளலாம். மாறாக, வயர் எங்கோ உரசி எர்த்தைத் தொட்டால் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கும், ஸ்கேனர் 120, 140 என்று ஏதோ ஒரு உச்சச் சூட்டைக் காட்டும்.

கோடுகளைப் படிப்பதில் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பி0113 என்ற கோடுக்கு ‘ஹை இன்புட்’ என்று விளக்கம் வரும். உடனே காற்று அதிகச் சூடு என்று நினைத்து இன்டர்கூலரைக் கழுவப் போய்விடுவார்கள். ஹை என்றது வோல்டேஜை. அதன் பொருள் அறுந்த வயர் அல்லது வராத தொடர்பு. பி0112 ‘லோ இன்புட்’ என்றால் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டாவது சென்சாருக்கு இதே ஜோடி பி0098, பி0097 என்று வரும். கனரக லாரிகளில் பெரும்பாலும் வேறு மொழி: எஸ்பிஎன் 105 என்பது மேனிஃபோல்டு காற்றின் சூடு, எஸ்பிஎன் 172 என்பது நுழையும் காற்றின் சூடு. அதன் பின்னால் எஃப்எம்ஐ 3 என்று வந்தால் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்று வந்தால் அளவுக்குக் கீழ். சித்தப்பாவின் வண்டியில் வந்தது 105-ம் 3-ம். அந்த 3-ஐ அன்றைக்கே சரியாகப் படித்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

பதில் தெரிந்த நேரத்தில் கேள்வி கேளுங்கள்

சென்சாரைச் சோதிக்க நான் நம்பும் முதல் வழிக்கு ஸ்பேனரே வேண்டாம். வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் எல்லாச் சூட்டு அளவுகளையும் பாருங்கள். கூலன்ட், மேனிஃபோல்டு காற்று, நுழையும் காற்று, வெளிக்காற்று, டீசல் என எத்தனை வருகிறதோ அத்தனையும். எட்டு பத்து மணி நேரம் ஓடாத வண்டியில் எல்லாப் பாகமும் ஒரே சூட்டில்தான் இருக்க முடியும். எல்லாம் 26, 27, 28 என்று பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும். நான்கு சென்சார் 27 என்று சொல்லி ஒன்று மட்டும் 14 என்றோ 45 என்றோ சொன்னால், தனித்து நிற்கும் அந்த ஒன்றைத்தான் விசாரிக்க வேண்டும். மூன்று நான்கு டிகிரி வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

இதையே ஓடி வந்து நிறுத்திய வண்டியில் செய்தால் ஏமாந்து போவீர்கள். நின்ற வண்டியில் காற்றோட்டம் இல்லை. இன்ஜினின் சூடு மேனிஃபோல்டு வழியாகச் சென்சாருக்கு ஏறும். சரியான சென்சாரே 70, 80 என்று காட்டும். அது பொய் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் சரியான பதில் என்ன என்று நமக்கே தெரியாது. பதில் தெரியாத கேள்வியை வைத்து ஒருவரைச் சோதிக்க முடியாது.

ஸ்கேனர் இல்லாதவர்கள் அதே காலை நேரத்தில் கப்ளரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து சென்சாரின் இரண்டு பின்னுக்கும் நடுவே அளக்கலாம். சாவி ஆஃபில் இருக்க வேண்டும். 25 டிகிரி காலை என்றால் மேலே சொன்ன வகைச் சென்சார் 2,050 ஓம் பக்கம் காட்டும். பிறகு நுனியை உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள், அளவு நிதானமாக இறங்க வேண்டும். நடுவில் எகிறிக் குதித்தாலோ, மீட்டர் எதுவும் காட்டாமல் நின்றாலோ சென்சார் போய்விட்டது என்று சொல்லலாம்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஒரு டம்ளரில் உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்து வைத்தால் அது 0 டிகிரி. கொதிக்கும் தண்ணீர் நம் சமவெளி ஊர்களில் ஏறக்குறைய 100. இரண்டு பின் சென்சாரின் நுனியை மட்டும், கப்ளர் பக்கம் நனையாமல், இரண்டிலும் வைத்து அளந்தால் இரு முனையும் தெரிந்துவிடும். நான்கு பின் இரட்டைச் சென்சாரைத் தயவுசெய்து தண்ணீரில் விடாதீர்கள். அழுத்தத்தை அளக்கும் துளைக்குள் தண்ணீர் போனால் நல்ல பாதியும் கெட்டுவிடும். அதற்குத் தலைமுடி காயவைக்கும் டிரையரின் காற்றே போதும்.

சென்சார் நன்றாக இருக்கிறது, ஆனால் கோடு வருகிறது. இனி வயரிங்கைக் கேட்க வேண்டும். கப்ளரைக் கழற்றியபடியே சாவியை ஆன் செய்து, வண்டியின் வயரிங் பக்கத்துக் கப்ளரில் சிக்னல் பின்னுக்கும் சென்சார் எர்த் பின்னுக்கும் நடுவே அளந்தால் 5 வோல்ட் வர வேண்டும். வந்தால், கடையில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை அந்த இரண்டு பின்னுக்கும் நடுவே வைத்து ஸ்கேனரைப் பாருங்கள். மேலே சொன்ன அட்டவணைப்படி வேலை செய்யும் வண்டியில் 45 டிகிரி அளவில் காட்டும். காட்டினால் வயரும் ஈசியுவும் சரி. ‘வெறும் வயரால் ஷார்ட் செய்து பார்’ என்று சிலர் சொல்வார்கள். இரண்டு பின் கப்ளரில் அது சரிதான். நான்கு பின் கப்ளரில் ஒரு பின்னில் அழுத்தச் சென்சாருக்கான 5 வோல்ட் சப்ளை நேரடியாக நிற்கிறது. அதை எர்த்தோடு தொட்டால் அதே சப்ளையில் இருக்கும் மற்ற சென்சார்களும் சேர்ந்து விழும். ரெசிஸ்டர் அந்த ஆபத்தைத் தவிர்க்கும். டெஸ்ட் லேம்ப் வைத்து இந்த வயர்களைக் குத்திப் பார்ப்பதும் கூடாது. லாரியின் 24 வோல்ட் தவறிக்கூட இந்தப் பக்கம் வரக்கூடாது.

இப்போது அந்தத் துப்புக்கு வருவோம். கப்ளருக்குள் பின் கொஞ்சம் பாசி பிடித்து, அங்கே மட்டும் 200 ஓம் கூடுதல் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 25 டிகிரியில் 2,050-உடன் 200 சேர்ந்தால் ஈசியு அதை 23 டிகிரி என்று படிக்கும். இரண்டு டிகிரி வித்தியாசத்தை யார் கவனிப்பார்கள்? மேட்டில் காற்று 60 டிகிரிக்கு ஏறும்போது அதே 200 ஓம், 600 பக்கம் இருந்த அளவை 800 ஆக்கிவிடும். ஈசியு படிப்பது 51. 80 டிகிரிக்குப் போனால் அது 64 என்று படிக்கும். அதாவது தொடர்புக் கோளாறு குளிரில் ஒளிந்துகொண்டு சூட்டில் வெளியே வருகிறது. காலைச் சோதனையில் எல்லாம் சரி, ஓட்டும்போது மட்டும் கோளாறு என்று யாராவது சொன்னால் நான் முதலில் கப்ளரைத்தான் பார்ப்பேன்.

சித்தப்பாவின் வண்டியில் நடந்ததும் இதன் அண்ணன் தம்பி போன்ற ஒன்றுதான். கப்ளரின் ஒரு பெண் பின், அதாவது சென்சாரின் பின்னைக் கவ்விப் பிடிக்கும் துளை, விரிந்து தளர்ந்திருந்தது. லோடில் மேடு ஏறும்போது இன்ஜின் தன் மவுன்டிங்கில் ஒரு பக்கமாகச் சாயும், எல்லா இன்ஜினும் சாயும். வயரிங் கட்டு இழுபடும்போது அந்தத் தளர்ந்த பின் ஒரு நொடி விட்டுவிடும். ஈசியு மைனஸ் 40-ஐப் பார்க்கும், ‘இதை நம்ப முடியாது’ என்று முடிவு செய்து விளக்கைப் போட்டு, பாதுகாப்புக்காக இழுவையைக் குறைத்துவிடும். புதுச் சென்சாரை மாட்டினாலும் பழைய கப்ளர் அதே கப்ளர்தானே. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஸ்கேனரைப் பார்த்தபடி கப்ளரின் வயரை மெல்ல அசைத்தோம். எண் 41-லிருந்து மைனஸ் 40-க்குக் குதித்துத் திரும்பியது. அவ்வளவுதான், இரண்டு மாதப் பிரச்சினை தெரிந்துவிட்டது. வயரை அசைத்துப் பார்ப்பதற்கு இணையான சோதனை வேறில்லை என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

கரி பிடித்த நுனி

பட்டறையில் முதலில் கழற்றிப் போட்ட சென்சாரில் இன்னொன்றையும் பார்த்தோம். பழைய சென்சாரின் நுனியே தெரியவில்லை, தார் பூசியது போல் கறுப்பாக மூடியிருந்தது. மேனிஃபோல்டுக்கு இரண்டு வழியாக அழுக்கு வருகிறது. ஈஜிஆர் திருப்பி அனுப்பும் புகையில் கரி இருக்கிறது. இன்ஜினின் மூச்சுக்குழாயிலிருந்தும் டர்போவிலிருந்தும் எண்ணெய் ஆவி வருகிறது. கரி தனியாக வந்தால் உதிர்ந்துவிடும், எண்ணெய் தனியாக வந்தால் வழிந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பிசின் போல ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பூச்சு சென்சாரைக் கெடுப்பதில்லை, மந்தமாக்குகிறது. கெட்டியான துணி சுற்றிய விரலைச் சுடுதண்ணீரில் விட்டால் சூடு தெரியத் தாமதமாகுமே, அதுதான் இதுவும். வெகு நேரம் காத்திருந்தால் சரியான எண்ணைத்தான் சொல்லும். அதனால் காலைச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். ஆனால் மேட்டில் காற்றின் சூடு 45-லிருந்து 65-க்கு ஏறும்போது, அது பழைய செய்தியையே சொல்லிக்கொண்டிருக்கும். குளிர்ந்த காற்று என்று நினைத்து ஈசியு கொஞ்சம் கூடுதல் டீசலுக்கு அனுமதி கொடுக்கும். மந்தத்தைக் கண்டுபிடிக்க டிரையர் காற்றில் பிடித்து, மீட்டரின் எண் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். சுத்தம் செய்த பிறகு அதே தூரத்தில் அதே டிரையரை வைத்து மறுபடி பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சுத்தம் செய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். வண்டிக்கு முட்டுக்கட்டை வைத்து, கேபினைத் தூக்குவதாக இருந்தால் அதன் லாக் சரியாக விழுந்ததா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். சென்சாரைச் சுற்றியுள்ள மண்ணைக் கழற்றுவதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நேராக மேனிஃபோல்டுக்குள் விழும். சாவியை ஆஃப் செய்து கப்ளரின் லாக்கை அழுத்திக் கழற்றுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். சென்சார் வெளியே வந்ததும் துளையைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள்.

எதைக் கொண்டு கழுவுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அல்லது காற்றளவுச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரே, இரண்டில் ஒன்று போதும். இவை பிளாஸ்டிக்கைத் தின்னாது, காய்ந்ததும் எதையும் விட்டுவைக்காது. கார்புரேட்டர் கிளீனரும் பிரேக் கிளீனரும் தின்னரும் வேகமாகக் கரைக்கும், உண்மைதான். கரியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உடம்பையும் ரப்பர் ஓ-ரிங்கையும் பதம் பார்த்துவிடும். டீசலில் முக்கிக் கழுவினால் எண்ணெய்ப் படலம் நிற்கும், அதில் அடுத்த கரி இன்னும் வேகமாக ஒட்டும்.

நுனி கீழே பார்க்கும்படி பிடித்து, ஒரு சாண் தூரத்திலிருந்து ஸ்ப்ரே அடித்து வழிய விடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி. கெட்டிக் கரி மூன்று நான்கு தடவையில் இளகிவிடும். பிளாஸ்டிக் கூட்டின் மேல் மட்டும் மென்மையான பிரஷ் போடலாம். உள்ளே தெரியும் அந்த மணியையும் அதன் மயிரிழைக் கம்பிகளையும் தொடக்கூடாது. ஊசி, கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். கம்ப்ரசர் காற்றையும் அடிக்காதீர்கள். அந்த வேகத்தை மணியும் தாங்காது, அழுத்தச் சென்சாரின் மென்தகடும் தாங்காது. நிழலில் வைத்தால் இருபது நிமிடத்தில் தானாகக் காய்ந்துவிடும்.

காய்வதற்குள் கப்ளரைப் பாருங்கள். அதே கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடியுங்கள். பச்சை நிறம் தெரிந்தால் ஈரம் போயிருக்கிறது, ரப்பர் சீல் கிழிந்திருக்கும். ஒவ்வொரு பின்னும் இறுக்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓ-ரிங்கில் ஒரு துளி சுத்தமான இன்ஜின் ஆயில் தடவிச் சென்சாரை மாட்டலாம். ஓ-ரிங் தட்டையாகியோ வெடித்தோ இருந்தால் புதிது போடுங்கள். அதன் வழியாக டர்போவின் காற்று கசிந்தால் நீங்களே புதிதாக ஒரு கோளாறை உண்டாக்கியது போல் ஆகிவிடும். போல்ட்டை இறுக்கும்போது கை லேசாக இருக்கட்டும், பிடித்து உட்காரும் இடம் பிளாஸ்டிக். எல்லாம் முடிந்ததும் ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு, லோடோடு ஒரு மேடு ஏறிப் பாருங்கள்.

ஒரே மாதத்தில் மறுபடி தார் பூசியது போல் ஆனால், சென்சாரைத் திரும்பத் திரும்பத் துடைப்பதில் பயன் இல்லை. அவ்வளவு எண்ணெய் எங்கிருந்து வருகிறது? டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஈரம் இருப்பது சகஜம். தேங்கி நின்றால் டர்போ சீலையோ மூச்சுக்குழாய் ஃபில்டரையோ பார்க்க வேண்டும்.

சென்சார் உண்மையைச் சொல்லும்போது

சில நேரம் சென்சார் சரி, வயரும் சரி, ஓடும்போது மட்டும் மேனிஃபோல்டு காற்று 80, 90 என்று காட்டும். அப்போது அதை நம்புங்கள், காற்று உண்மையிலேயே சூடாக இருக்கிறது. நம் ஊர் நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரியின் இன்டர்கூலரில் பூச்சியும் வைக்கோல் தூசியும் மண்ணும் அப்பி அடைத்துக்கொள்வது வழக்கம். நெல், பருத்தி ஏற்றும் வண்டிகளில் இன்னும் சீக்கிரம் அடைக்கும். மெதுவான தண்ணீர் விசையில், பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் கழுவினால் போதும். வேகமாக அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். ரேடியேட்டர் ஃபேனைச் சுழல வைக்கும் ஃபேன் கிளட்ச் பிடிக்கிறதா என்பதையும் கூடவே பாருங்கள்.

இந்தச் சென்சார் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து ‘பவர் கூட்டித் தருகிறோம்’ என்று விற்கும் சின்னப் பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவை செய்வது, மேலே கப்ளரில் பாசி செய்த அதே வேலைதான்: சூடான காற்றைக் குளிர்ந்த காற்று என்று ஈசியுவிடம் சொல்வது. டீசல் கூடுதலாகப் போகும், புகை கூடும், டர்போவுக்குப் போகும் சூடு கூடும். பிஎஸ்-6 வண்டியில் அந்தக் கரி முழுவதும் சைலன்சருக்குள் இருக்கும் ஃபில்டரில் போய்ச் சேரும். காசு கொடுத்து இதை வாங்காதீர்கள்.

புதுச் சென்சார் வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தால், மாட்டுவதற்கு முன் கடையிலேயே மல்டிமீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். பழையது வேலை செய்யும் நிலையில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்திருந்து அளந்தால் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். உருவம் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறு அட்டவணைப்படி மணி வைத்த சென்சார்கள் சந்தையில் உண்டு. மாட்டினால் பொருந்தும், எண்தான் தப்பாகச் சொல்லும்.

சித்தப்பா கப்ளருக்குப் புதுப் பின் அடித்து, வயரிங் கட்டு இழுபடாதபடி ஒரு கிளிப் போட்டு, அன்றே தொப்பூருக்கு லோடு ஏற்றினார். கழற்றிப் போட்ட பழைய சென்சாரைக் கழுவிக் காயவைத்து அளந்தோம். அறையின் சூட்டில் 1,800 ஓம் பக்கம், புதியது காட்டிய எண்ணையேதான் அதுவும் காட்டியது. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெளியே பேனாவால் அந்த எண்ணை எழுதி, கேபின் பெட்டியில் வைத்திருக்கிறார். ரெசிஸ்டர் ஒன்றும் அதே கவரில் இருக்கிறது.